காய்ச்சலை மறைத்து விமானம் ஏற வேண்டாம்: டிக்கெட் பணத்தில் எவ்வளவு திரும்பும்?

(2024 பிப்ரவரி 18, ஞாயிறு அன்று அஸர் தொழுகைக்குப் பின் நமது அறக்கட்டளை அரங்கில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், விமான டிக்கெட் பதிவுப் பணியில் 23 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.)





டிக்கெட் ரீஃபண்ட் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். இது வெறும் பணக் கணக்கு என்று நினைத்து யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நான் செய்த ஒரு தவறைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

2011 மே மாதம். சென்னை மண்ணடியில் ஒரு டிராவல்ஸில் கவுண்டரில் இருந்தேன். நம் ஊர்த் தம்பி ஒருவர் அவருடைய வாப்பாவோடு வந்தார். அன்று இரவு தம்மாம் போக டிக்கெட். முகத்திலும் கழுத்திலும் கொப்புளம். தொட்டுப் பார்க்காமலே காய்ச்சல் தெரிந்தது. சின்னம்மை. வாப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, இன்னைக்குப் போகலைன்னா காசு கிடைக்குமா?" கவுண்டரில் கூட்டம். நான் கம்ப்யூட்டரைக்கூடப் பார்க்கவில்லை. "இது நான்-ரீஃபண்டபிள் வாப்பா, 14,000 ரூபாயும் போயிடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, முகத்துக்குப் பவுடர் அடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

தம்பி போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரே அறையில் ஆறு பேர். பத்துப் பதினைந்து நாளில் மூன்று பேருக்கு அம்மை போட்டது. அதில் ஒருவர் பக்கத்து ஊர்க் காக்கா, ஐம்பதைத் தாண்டியவர், அந்த அறைக்கே சமைத்துப் போட்டவர். சின்னம்மை பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரலைப் பிடிக்கலாம். அவருக்குப் பிடித்தது. 19 நாள் ஆஸ்பத்திரி. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார். ஆனால் வேலை போய் ஊருக்கு வந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்த வாப்பா வேறு வேலையாகக் கடைக்கு வந்தபோதுதான் எனக்கு இது தெரியும்.

அவர் போன பிறகு அந்தப் பழைய டிக்கெட்டின் விதியைத் திறந்து பார்த்தேன். ரீஃபண்ட் இல்லை என்பது உண்மை. ஆனால் விமானம் புறப்படுவதற்கு முன்னால் சொன்னால் 3,000 ரூபாய் கட்டித் தேதியை மாற்றலாம் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. மூவாயிரம் ரூபாய்! நான் ஒரு வரி கீழே படித்திருந்தால் போதும்.

நம் மக்கள் நோயை மறைத்து விமானம் ஏறுவது கெட்ட எண்ணத்தால் அல்ல. கொத்தனார் வேலையிலும் டிரைவர் வேலையிலும் சம்பாதித்த காசு போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தில் பாதி, விவரம் தெரியாததால் வருவது. எவ்வளவு போகும், எவ்வளவு திரும்பும் என்று தெரிந்தவர் நிதானமாக முடிவெடுப்பார்.

முதலில் கசப்பான உண்மை. நம் நாட்டு விமான விதிகளில், பயணிக்குத் தொற்றுநோய் வந்தது என்பதற்காக முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் 2024இல் இல்லை. அந்த நிலையில், நோய் காரணமாக நீங்களே கேன்சல் செய்தால் அது சாதாரணக் கேன்சலாகவே இருந்தது. உங்கள் டிக்கெட்டில் என்ன விதி இருந்ததோ அதுதான் பொருந்தியது. டாக்டர் சர்டிஃபிகேட் பார்த்து மனிதாபிமானத்தோடு கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும், ஓராண்டு செல்லும் வவுச்சர் தருவதும் உண்டு. ஆனால் அது அவர்கள் விருப்பம். உரிமை என்று சண்டை போட முடியாது, கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் சண்டை போட்டே வாங்கக்கூடிய பணமும் இருக்கிறது. அதைத்தான் நம் ஆட்கள் வருஷா வருஷம் விட்டுவிடுகிறார்கள்.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டி.ஜி.சி.ஏ., டிக்கெட் பணம் திருப்புவது பற்றித் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அதில் முக்கியமான திருத்தங்கள் வந்தன. அதன்படி, பயணி கேன்சல் செய்தாலும் சரி, போகாமலே விட்டாலும் சரி, அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். சலுகை டிக்கெட், ஆஃபர் டிக்கெட், 'நான்-ரீஃபண்டபிள்' என்று கொட்டை எழுத்தில் போட்ட டிக்கெட், எல்லாவற்றுக்கும் இது உண்டு. கேன்சல் கட்டணம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வது அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் போகக் கூடாது. பணத்தைத் திருப்புவதற்கென்று தனியாக ஒரு கட்டணம் வாங்கவும் கூடாது.

உங்கள் வீட்டில் பழைய டிக்கெட் இருந்தால் இன்று இரவு எடுத்துப் பாருங்கள். கட்டணம் இருக்கும் பகுதியில் இரண்டெழுத்துக் குறிகள் வரிசையாக இருக்கும். ஒய்.க்யூ., ஒய்.ஆர். என்று இருந்தால் அவை எரிபொருள் வகைக் கூடுதல் கட்டணம். அதைப் பெரும்பாலும் விமான நிறுவனம் வைத்துக்கொள்ளும். கே3 என்பது ஜி.எஸ்.டி. அதற்குப் பக்கத்தில் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், போய் இறங்கும் நாட்டின் கட்டணம் என்று வரிசையாக வரும். ஒரு பேச்சுக்கு, 22,000 ரூபாய் டிக்கெட்டில் அடிப்படை 12,500, எரிபொருள் 5,000 என்றால் மீதி 4,500. அடிப்படையும் எரிபொருளும் முழுக்கப் போனாலும், வரியும் விமான நிலையக் கட்டணமுமாக இருக்கும் அந்த 4,500 உங்களுடையது. நாலு பேர் குடும்பத்துக்கு 18,000. உம்ரா போகும் ஒருவருக்கு அங்கே பல நாள் சாப்பாட்டுச் செலவு. இதை யாரும் தானாகக் கொண்டுவந்து கதவைத் தட்டித் தர மாட்டார்கள். எழுதிக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்களின் விஷயம் சற்று வேறு. வளைகுடா நாட்டு விமானமாக இருந்தால், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கு அவர்கள் நாட்டு விதிதான். எந்த முறையில் திருப்ப வேண்டும் என்பதற்கு மட்டும் நம் நாட்டு விதி பொருந்தும். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே, பணம் கொடுக்கும் முன், இரண்டு கேள்வி கேளுங்கள். கேன்சல் செய்தால் என்ன பிடிப்பீர்கள்? தேதி மாற்றினால் என்ன பிடிப்பீர்கள்? பதிலை வாயால் வாங்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட் கிடைக்கும். வீட்டில் சின்னப் பிள்ளையோ வயதான உம்மாவோ கூட வருகிறார்கள் என்றால் அந்த ஆயிரத்தைப் பார்க்காதீர்கள்.

இன்னொரு சலுகை. பயணத்துக்குப் போதிய நாள் இருக்கும்போது விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்தால், பதிவு செய்த பிறகு விதியில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் கட்டணமில்லாமல் கேன்சல் செய்யலாம், திருத்தலாம். இரவு டிக்கெட் போட்டு, காலையில் பிள்ளை உடம்பில் தடிப்பு கண்டால் இது கைகொடுக்கும்.

நோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?

எதைச் செய்யாவிட்டாலும் விமானத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். சொல்லாமல் போகாமல் இருப்பதை எங்கள் தொழிலில் நோ-ஷோ என்போம். நோ-ஷோ ஆன டிக்கெட்டில் தேதி மாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் செத்துவிடும், அல்லது கட்டணம் ஏறிவிடும். போகும் டிக்கெட்டும் திரும்பும் டிக்கெட்டும் ஒன்றாக இருந்தால், போகும் விமானத்தை விட்டதும் திரும்பும் டிக்கெட்டையும் கம்ப்யூட்டர் தானாக அழித்துவிடுவது சாதாரணம். எனவே விமானம் புறப்படுவதற்கு முன்னால் செய்தி போக வேண்டும். முதலில் தேதி மாற்றம் கேளுங்கள். அது முடியாவிட்டால் கேன்சல். டாக்டர் சர்டிஃபிகேட்டை இணைத்து ஈமெயில் அனுப்புங்கள். போனில் பேசினால் யாரோடு பேசினீர்கள், எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள்.

அந்த சர்டிஃபிகேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கவுண்டரில் நான் பார்த்ததில் பாதி சர்டிஃபிகேட் உதவாத காகிதம். "இன்னாருக்குக் காய்ச்சல், ஓய்வு தேவை" என்று ஒரு வரி. தேதி இல்லை, பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சீட்டில் ஒரு மாதிரி. நல்ல சர்டிஃபிகேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கும். டாக்டர் பார்த்த தேதி, என்ன நோய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விமானப் பயணம் கூடாது, டாக்டரின் பதிவு எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். விமானம் போன பிறகு வாங்கிய சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு குறைவு. பொய்ச் சர்டிஃபிகேட் வாங்கித் தேதி மாற்றும் வேலையும் நடக்கிறது, எனக்குத் தெரியும். ஒருவர் அப்படிச் செய்தால் அடுத்து உண்மையான நோயாளி கொண்டுவரும் காகிதத்தையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அது பொய் என்ற பாவத்தோடு நிற்பதில்லை.

குடும்பமாக ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் போட்டிருந்தால், நோய் வந்தவரையும் அவரோடு தங்குபவரையும் மட்டும் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பி.என்.ஆரைப் பிரிப்பது சில நிமிட வேலைதான். இதைக் கேட்கத் தெரியாமல், ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை வந்ததற்காக ஏழு பேர் டிக்கெட்டைக் கேன்சல் செய்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று. மற்ற ஆறு பேருக்கும் அந்த நோய் ஒட்டியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

எத்தனை நாள் தள்ள வேண்டும் என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தேதி மாற்றக் கணக்குப் போட உதவும் என்பதால் பொதுவானதைச் சொல்கிறேன். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு. தட்டம்மை என்றால் தடிப்பு தோன்றி நாலு நாளாவது போக வேண்டும். சளியில் கிருமி வரும் காசநோய் என்றால் சரியான மருந்து குறைந்தது இரண்டு வாரம் உள்ளே போய், இனி தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகு. காசநோயைச் சும்மா சொல்லவில்லை. விமானத்தில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பக்கத்தில் உட்கார்ந்தவர்களைத் தேடிப் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. நோயாளி இருந்த வரிசை, அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு. அந்த ஐந்து வரிசையில் கைப்பிள்ளையோடு யாராவது இருப்பார்கள்.

சபராளித் தம்பிகள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "காசு போனாப் போகுது காக்கா, விசா முடிஞ்சுடுமே!" நியாயம். சவூதியில் எக்ஸிட் ரீ-என்ட்ரி முடியப் போகிறது என்றால், ஆள் ஊரில் இருக்கும்போதே கஃபீல் ஆன்லைனில் நீட்டிக்க வழி இருக்கிறது. சர்டிஃபிகேட்டின் நகலைக் கம்பெனிக்கும் அதே நாளில் அனுப்புங்கள். கடைசி நாள்வரை லீவில் இருந்துவிட்டு, விசா முடியும் தேதியன்றே டிக்கெட் போடும் பழக்கத்தை விடுங்கள். நாலு நாள் இடைவெளி வையுங்கள். அந்த நாலு நாள் இல்லாததால்தான் காய்ச்சலோடு ஏற வேண்டியிருக்கிறது.

ஏறப் போய், விமான நிலையத்திலேயே உங்களைத் தடுத்துவிட்டால்? மற்றவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஏற்ற மறுக்கும் உரிமை அவர்களுக்கு டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அங்கே கத்திப் பயனில்லை. "ஏற்ற மறுத்தோம், காரணம் இது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது அந்தக் கவுண்டரில் இருந்தபடியே ஈமெயில் அனுப்பிப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் நீங்கள் நோ-ஷோ. விமான நிலையம் வரை வந்தவரும் வராதவரும் அங்கே ஒன்றுதான்.

இனி 2020. அதைப் பேசாமல் இந்தத் தலைப்பு முடியாது.

அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று சவூதி அரசு உம்ராவுக்கு வெளிநாட்டவர் வருவதை நிறுத்தியது. இஹ்ராம் துணியோடு விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். மார்ச் கடைசியில் நம் நாட்டில் விமானங்கள் எல்லாம் நின்றன. மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள் வந்தபோது, பழைய டிக்கெட் பணம் நிறுவனங்களிடம் மாட்டிக்கொண்டிருக்க, கடன் வாங்கிப் புது டிக்கெட் எடுத்து வந்தார்கள் நம் பிள்ளைகள்.

அப்போது நிறுவனங்கள் 'கிரெடிட் ஷெல்' என்று ஒன்று கொடுத்தன. பணம் தர மாட்டோம், உங்கள் பெயரில் கணக்கில் வைத்துக்கொள்கிறோம், பிறகு பறந்துகொள்ளுங்கள் என்றார்கள். கிரெடிட் ஷெல் வேண்டுமா, பணம் வேண்டுமா என்பது பயணியின் விருப்பம் என்று டி.ஜி.சி.ஏ. விதியில் முன்பே இருந்தது. பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1 அன்று நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஊரடங்குக் காலத்தில் பதிவு செய்து, மே 24 வரையிலான அதே ஊரடங்குக் காலத்தில் பயணிக்க வேண்டிய டிக்கெட்டுக்கு முழுப் பணமும் உடனே தர வேண்டும். அதற்கு முன் பதிவு செய்த டிக்கெட் என்றால் 15 நாளில் பணம். நிறுவனம் நெருக்கடியில் இருந்தால் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல் தரலாம். அதை யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். அதுவரை பயன்படுத்தாவிட்டால் பணமாகவே தர வேண்டும். தாமதத்துக்கு ஈடாக, 2020 ஜூன் வரை மாதம் அரை சதவீதமும், பிறகு முக்கால் சதவீதமும் டிக்கெட் மதிப்பில் கூட்ட வேண்டும். 18,000 ரூபாய் டிக்கெட்டுக்கு முதலில் மாதம் 90, பிறகு மாதம் 135.

அந்தக் கூடுதல் தொகை வட்டியா என்று அப்போது என்னிடம் பலர் கேட்டார்கள். நான் டிக்கெட் ஆள், ஃபத்வா கொடுக்கும் ஆள் இல்லை. நீதிமன்றம் அதை ஊக்கத்தொகை என்றுதான் சொன்னது. மனம் ஒப்பாத ஒருவர் அசலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒரு நோயாளியின் மருந்துக்குக் கொடுத்துவிட்டார். சந்தேகம் உள்ளவர்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகத்தைக் காரணமாக்கி அசலையே விட்டுவிடாதீர்கள்.

ஹஜ் விஷயத்தில் நடந்தது வேறு. 2020 ஜூன் 23 அன்று இந்தியாவிலிருந்து அந்த ஆண்டு ஹஜ் பயணம் இல்லை என்று அரசு அறிவித்தது. விண்ணப்பித்திருந்த 2 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணத்தைப் பிடித்தம் இல்லாமல் வங்கிக் கணக்குக்கே திருப்புவதாகவும் அறிவித்தது. ரசீது இருந்தது, கணக்கு எண் இருந்தது, யார் கட்டினார்கள் என்று பதிவு இருந்தது. தனியார் உம்ரா குழுவில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதி வாங்கியவர்கள்தான் அலைந்தார்கள்.

குழு உம்ராவில் நடப்பதைச் சொல்கிறேன். ஏஜெண்ட் முப்பது நாற்பது சீட்டை மொத்தமாக முன்பணம் கட்டிப் பிடித்து வைப்பார். உங்கள் பெயரில் டிக்கெட் கடைசி நாட்களில்தான் வரும். அதற்கு முன் உங்களுக்கு நோய் வந்தால் டிக்கெட்டே இல்லாததால் ரீஃபண்ட் கேட்க விமான நிறுவனத்திடம் போக முடியாது. ஏஜெண்டிடம்தான் கேட்க வேண்டும். பெயர் ஏறும் முன் உங்கள் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்க அவருக்கு வாய்ப்பு உண்டு. எனவே உடனே சொல்லுங்கள். ரமலான் நெருங்குகிறது. இப்போது பணம் கட்டுபவர்கள் ரசீதில் டிக்கெட் எவ்வளவு, விசா எவ்வளவு, தங்குமிடம் எவ்வளவு, நோய் வந்தால் எதில் எவ்வளவு திரும்பும் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். "நம்ம ஆளுதானே, எதுக்கு எழுத்து?" என்று கேட்டால், நம்ம ஆள் என்பதால்தான் எழுத்து என்று சொல்லுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

ஏஜெண்டுகளை நான் பழிக்கவில்லை, நானும் அந்தச் சோற்றைத் தின்றவன். ஆனால் உள்ளே நடப்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஏஜெண்ட் மூலம் எடுத்த டிக்கெட்டின் ரீஃபண்ட் ஏஜெண்டின் கணக்குக்குத்தான் வரும். வந்ததும் அடுத்த ஆளுக்கு டிக்கெட் போட அந்தப் பணமே சுழலும். உங்களிடம் "ஏர்லைன்ஸ் இன்னும் தரலை" என்பார்கள். சில நேரம் அது உண்மை, சில நேரம் அது பொய். டி.ஜி.சி.ஏ. விதி என்ன சொல்கிறது என்றால், ஏஜெண்ட் நிறுவனத்தின் பிரதிநிதி. ஆகவே பணம் உங்கள் கைக்கு வருவதற்கு விமான நிறுவனமே பொறுப்பு, விதியில் உள்ள கெடுவுக்குள் முடிக்க வேண்டும். கிரெடிட் கார்டில் நேரடியாக எடுத்திருந்தால் ஏழு நாள். நிறுவனத்தின் அலுவலகத்தில் ரொக்கம் கொடுத்து எடுத்திருந்தால் அங்கேயே உடனே. ஏஜெண்டின் சர்வீஸ் சார்ஜ் மட்டும் பெரும்பாலும் திரும்பாது.

 அந்தக் கெடு தாண்டினால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும்: டிக்கெட், பணம் கட்டிய ஆதாரம், சர்டிஃபிகேட், புறப்படும் முன் அனுப்பிய ஈமெயில். இந்த நாலும் இருந்தால் பல நிறுவனங்கள் வழக்கு வரை விட மாட்டார்கள்.

பெண்கள் பகுதியிலிருந்து இரண்டு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது.

முதல் சீட்டு: "டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால் போதாதா?" எடுக்கலாம். ஆனால் பயணத்துக்கு முன் நோய் வந்து ரத்தாவதற்குப் பணம் தரும் பாலிசியா என்று பாருங்கள். பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் தரும். சின்னம்மைக்கு வீட்டில் வேப்பிலை போட்டுப் படுத்திருந்தவருக்கு ஒன்றும் வராது. இன்ஷூரன்ஸ் மார்க்கத்தில் கூடுமா என்பதும் ஹஜ்ரத்துக்கான கேள்வி.

இரண்டாவது சீட்டைப் படிக்கிறேன். "என் மகனுக்கு நாளை மறுநாள் விமானம். மூன்று நாளாக இருமலும் சாயங்காலக் காய்ச்சலும். கம்பெனியில் சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறான். என்ன செய்ய?"

பெயர் எழுதாத அந்த உம்மாவுக்குச் சொல்கிறேன். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படையினரோடு ஷாம் தேசம் போகும் வழியில், சர்ஃக் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசித்தார்கள், கருத்து வேறுபாடு வந்தது. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், இருக்கும் ஊரில் வந்தால் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துச் சொன்னார்கள். உமர் (ரலி) மதீனாவுக்கே திரும்பிவிட்டார்கள். அவ்வளவு தூரம் வந்த ஒட்டகமும் தீவனமும் சும்மாவா வந்திருக்கும்?

உங்கள் மகனுக்குச் சாதாரண இருமலாகவே இருக்கலாம், இன்ஷா அல்லாஹ். நாளைக் காலை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சளிப் பரிசோதனை அங்கே இலவசம். காசநோய் என்றே வந்தாலும் மருந்து முழுக்க இலவசம், குணமாகும் நோய்தான். ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நாளை மறுநாள் நிம்மதியாகப் போகட்டும். சந்தேகம் என்றால் நாளை மதியத்துக்குள் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். மஸ்ஜித் தெருவில் கிணற்றுக்கு எதிர் வீடு. பெயர் கேட்க மாட்டேன். தேதி மாற்ற எவ்வளவு ஆகும் என்று விதியை உங்கள் முன்னாலேயே திறந்து, கடைசி வரி வரை படித்துச் சொல்கிறேன். கட்டக் கையில் இல்லாவிட்டால் அந்த வித்தியாசத்தை அறக்கட்டளையின் மருத்துவ நிதியிலிருந்து தரலாமா என்று செயலாளரிடம் இப்போதுதான் கேட்டேன். தலையாட்டுகிறார்.

மற்றவர்கள் பழைய டிக்கெட்டுகளைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை அலுவலகத்தில் இருப்பேன். இரண்டு வருடத்துக்கு உட்பட்டது என்றால் வரிப் பணத்துக்கு எழுதிப் பார்க்கலாம்.